ஒரு தடவைதான் கூப்பிட்டாள்

தமிழ்தானே நீ? பை காலில் விழுந்ததும் "அய்யோ அம்மா" என்றாயே, அப்போதே பிடித்துவிட்டேன். ஜெர்மன்காரியா அப்படிக் கத்துவாள்? வா இங்கே. இந்த இடத்தில் உட்கார். ஜன்னல் ஓரம், வெயில் படாத பக்கம். அட, உட்கார் அம்மா, யாரும் வந்து எழுப்ப மாட்டார்கள்.

முதலில் உன் ஃபோனைக் கொடு. உள்ளூர் சிம்தானே? படகு கிளம்பிவிட்டால் மலைக்கு நடுவில் டவர் கிடைக்காதாம். அதற்குள் ஒரு மெசேஜ் போட்டுவிடுகிறேன். "வசு. பாக்பெங்கில் இரவு தங்கினேன். சௌக்கியம். மாலை லுவாங் பிரபாங். நீங்கள் சந்தோஷமாக இருங்கள்." கடைசி வரி கொஞ்சம் குத்தட்டும் என்றுதான் போட்டிருக்கிறேன். ஸ்டெல்லாவுக்குப் புரியும். அவள் நம்பர் எனக்கு மனப்பாடம். நான் பெற்ற பிள்ளையின் நம்பர்கூட எனக்குத் தெரியாது, அது வேறு விஷயம்.

என்னிடம் ஏன் சிம் இல்லை என்று பார்க்கிறாய். மூன்று பேருக்கு ஒரு சிம் போதும் என்று நான்தான் சட்டம் போட்டேன். பட்ஜெட் பயணம் என்றால் பட்ஜெட் பயணம். அந்த ஒரு சிம் ஸ்டெல்லாவின் ஃபோனில் இருக்கிறது. ஸ்டெல்லா மரத்தின் மேல் இருக்கிறாள். சிரிக்காதே, நிஜமாகவே மரத்தின் மேல்தான். சொல்கிறேன். சாயந்திரம் வரைக்கும் வேறென்ன வேலை நமக்கு?

உன் பேர் என்ன? இலக்கியாவா. கரூரா. வேலை பாங்காக்கிலா. தனியாகவா வந்தாய்? வீட்டில் விட்டார்களா? சரி, குறுக்கே பேசாதே, இந்தத் தட்டையை எடு. வேண்டாமா? எடு, வீட்டில் செய்தது. அட எடு அம்மா. ஒன்றா? இரண்டாக எடு. பார், வேண்டாம் வேண்டாம் என்றவள்தானே இப்போது கடிக்கிறாய்? நான் விட்டுவிட்டேனா? அதுதான் முறை. ஒருத்தர் வேண்டாம் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று எடுப்பவருக்கும் தெரியும், கொடுப்பவருக்கும் தெரியும். "நோ, தேங்க் யூ" சொல்ல எனக்குக் கற்றுக்கொடுத்தது கான்வென்ட். அதை மூன்று முறை சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்தது எங்கள் அம்மா. இந்த இரண்டாவது பாடம் பெங்களூரில் இருப்பவர்களுக்கு மறந்து போய்விடுகிறது.

பெங்களூர் என்றால் பூர்ணிமா. நாங்கள் மூன்று பேர். திருச்சியில் ஒரே கான்வென்ட், ஆறாம் வகுப்பிலிருந்து. பூர்ணிமா நடுவில் வந்து சேர்ந்தவள். நானும் ஸ்டெல்லாவும் ஒரே பெஞ்ச். ஸ்டெல்லா இப்போது பாளையங்கோட்டையில் இருக்கிறாள். இருந்தாள். வீட்டை விற்றாயிற்று, பீரோவையும் விற்றாயிற்று. மகள் கனடாவில் இருக்கிறாள், பேரன் பிறந்திருக்கிறான், இந்தப் பயணம் முடிந்ததும் பாங்காக்கிலிருந்து நேராக அங்கே போய்ச் சேர்கிறாள். திரும்பி வருவதாக உத்தேசம் இல்லை. எனக்கு ஒன்றும் இல்லை. அவரவர் பிள்ளை, அவரவர் குளிர்.

அவள்தான் சொன்னாள், "கிளம்புறதுக்கு முன்னாடி மூணு பேரும் ஏற்காட்டுல ரெண்டு நாள் இருந்துட்டு வரலாம்டி" என்று. ஏற்காடா? எங்கள் ஃபிளாட்டில் பாத்திரம் தேய்க்கும் செல்வியே போன மாதம் ஏற்காடு போய்விட்டு வந்தாள், மரவள்ளி சிப்ஸ் கொண்டுவந்து கொடுத்தாள். பாலி என்றாள் பூர்ணிமா. பாலிக்கு எதிர் ஃபிளாட்காரி போய்விட்டாள். வியட்நாமுக்கு அசோசியேஷன் செயலாளர் மனைவி போய், கூம்புத் தொப்பி போட்டுக்கொண்டு எடுத்த படத்தை இன்றுவரை டிபியாக வைத்திருக்கிறாள். திருச்சியில் எங்கள் தில்லைநகர் முழுக்க விசாரித்துவிட்டேன், லாவோஸுக்கு ஒரு ஈ காக்கை போகவில்லை. "அங்க என்ன இருக்கு?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். "ஒண்ணும் இல்ல, அதுக்குத்தான் போறோம்" என்றேன். என் தங்கை மகன் வீடியோ எல்லாம் காட்டினான். டூர் கம்பெனியோடு போனால் அது கும்பல். முதுகில் பை மாட்டிக்கொண்டு பொது அறையில் படுத்துப் போனால் அது அனுபவமாம். அனுபவம் என்று முடிவு செய்தேன்.

ஆளுக்கு ஒரு பை, தன் பையைத் தானே சுமக்க வேண்டும். இதுவும் என் சட்டம்தான். என் பை மட்டும் கொஞ்சம் கனம். அதில் இருந்ததெல்லாம் பொதுச் சாமான்: குட்டி ரைஸ் குக்கர், பருப்புப் பொடி, தக்காளித் தொக்கு, துணி காயப்போட நைலான் கயிறு, டெட்டால், மூன்று பேருக்கும் படுக்கை விரிப்பு. மற்றவன் படுத்த விரிப்பில் நாம் எப்படிப் படுப்பது? தலைநகரம் வியன்டியானில் இறங்கியதும் பூர்ணிமா என் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு "வசு, இதுல அம்மிக்கல்லு இருக்கா?" என்றாள். அவள் பையில் என்ன இருந்தது தெரியுமா? சியா விதை. யோகா பாய். அந்தப் பாயைக் கடைசிவரை விரிக்கவில்லை.

அங்கே முதல் விடுதி. எட்டுப் பேருக்கு ஒரே அறை, மாடிக் கட்டில். எங்களுக்குக் கீழே இரண்டு, மேலே ஒன்று. எனக்கு இடுப்பு வலி. ஆனால் நான் ஒரு மரியாதைக்கு, "நான் மேலே படுத்துக்கறேன் ஸ்டெல்லா, உனக்கு முழங்கால் சரியில்ல" என்றேன். அவள் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "ஐயோ, உன் இடுப்போட நீ எப்படிடி ஏறுவ?" என்று சொல்லியிருக்க வேண்டாமா? "தேங்க்ஸ்டி" என்றாள். படுத்துவிட்டாள். நான் அந்த இரும்பு ஏணியில் ஏறியதைப் பார்த்து ஒரு டச்சுப் பையன் எழுந்து கீழேயே நின்றான், விழுந்தால் பிடிக்கலாம் என்று. நல்ல பையன். ஆனால் ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டிருந்தான். மறுநாள் என் நைலான் கயிற்றைக் கட்டி, எல்லோர் துண்டையும் வரிசையாகப் போட வைத்தேன். செருப்புகளையும் வாசலில் ஜோடி ஜோடியாக. எங்கள் மதர் சுப்பீரியர் பார்த்திருந்தால் கண் கலங்கியிருப்பார். சாயந்திரத்துக்குள் அந்த அறையே காலியாகிவிட்டது, எல்லோருக்கும் திடீரென்று வேறு ஊருக்குப் போக வேண்டியிருந்தது. நமக்கு வசதியாகப் போயிற்று.

பிறகு ரயிலேறி வடக்கே லுவாங் நம்தா. மலை, பச்சை, குளிர். அங்கே ஒரு சின்ன விருந்தினர் விடுதி. அந்த வீட்டுக்காரி மத்தியானம் குடும்பத்தோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மூங்கில் கூடையில் ஒட்டரிசிச் சோறு, சுட்ட கத்தரிக்காய்த் துவையல், ஏதோ கீரை. எங்களைப் பார்த்ததும் "கின் காவ், கின் காவ்" என்று கையைக் காட்டினாள். சாப்பிட வா என்று அர்த்தம். நான் கை கூப்பி, சிரித்து, தலையை ஆட்டி, "நோ, தேங்க் யூ" என்றேன். அவளும் சிரித்துத் தலையை ஆட்டினாள். ஆட்டிவிட்டுக் கூடையை அந்தப் பக்கம் தள்ளிவிட்டாள். அவ்வளவுதான்! இன்னொரு தடவை கூப்பிட வேண்டாமா? என்ன ஜனங்களோ. இந்த இரண்டு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் போய் உட்கார்ந்தார்கள். ஸ்டெல்லா சோற்றை உருட்டி உருட்டித் துவையலில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டே, "வசு, நம்ம ஊர் சுட்ட கத்தரிக்காய் மாதிரியே இருக்குடி, வந்து உட்காரு" என்றாள். "எனக்குப் பசியில்ல" என்றேன். பசியில்லையாம் என்று அந்த வீட்டுக்காரிக்குக் கையால் காட்டினாள். தோழியா அவள்? பிறகு நான் மாடியில் குக்கரில் தனியாகச் சாதம் வைத்தேன். மின்சாரம் போய்விட்டது. எனக்கு மட்டுமில்லை, அந்தத் தெருவுக்கே.

நீ கொட்டாவி விடுகிறாய். முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டேன், கேள்.

இந்தப் படகு இருக்கிறதே, இதற்காகத்தான் நான் முழுப் பயணத்தையும் போட்டேன். ஹுவே சாயிலிருந்து லுவாங் பிரபாங் வரை மீகாங் ஆற்றில் இரண்டு நாள், நடுவில் ஒரு ராத்திரி பாக்பெங்கில். டவர் கிடையாது, கடை கிடையாது, பூர்ணிமாவின் யோகாவுக்கு இடம் கிடையாது. யாரும் எழுந்து எங்கேயும் போக முடியாது. பழைய வேனிலிருந்து கழற்றிப் போட்ட சீட்டுதான், ஆனால் இரண்டிரண்டாக இருக்கிறது பார். நானும் ஸ்டெல்லாவும் இங்கே, பூர்ணிமா பின்னால். நீ உட்கார்ந்திருக்கிறாயே, அது ஸ்டெல்லாவின் இடம். எழுந்திருக்காதே, உட்கார். நேற்று முழுக்க அதில் என் பையை வைத்திருந்தேன். ஒரு ஆஸ்திரேலியாக்காரன் வந்து காலியா என்று கேட்டான். "மை ஃப்ரெண்ட் இஸ் கமிங்" என்றேன். நடு ஆற்றில் எங்கிருந்து வருவாள் என்று அவன் கேட்கவில்லை. நல்ல வளர்ப்பு.

ஹுவே சாயில் என்ன நடந்தது என்றால், படகுக்கு முந்தின நாள் சாயந்திரம் ஒரு கடைச் சுவரில் ஒரு படம். காட்டுக்குள் நூறடி உயர மரத்தின் மேல் வீடு. இடுப்பில் வாரைக் கட்டி, கம்பியில் தொங்கிக்கொண்டு பள்ளத்தாக்கைத் தாண்டி அந்த வீட்டுக்குப் போக வேண்டுமாம். ஒரு ராத்திரி மேலேயே தூக்கம், மறுநாள் அதே மாதிரி தொங்கிக்கொண்டு திரும்பி வர வேண்டும். குரங்கு செய்கிற வேலை. ஸ்டெல்லா அந்தப் படத்தின் முன்னால் நின்றாள், நின்றாள், நகரவே இல்லை. "ஒரு தடவை பறக்கணும்டி வசு" என்றாள். முப்பது வருஷம் காலேஜில் கால்குலஸ் சொல்லிக்கொடுத்தவள் பேசுகிற பேச்சா இது? "உன் முழங்கால்?" என்றேன். "பறக்கறதுக்கு முழங்கால் எதுக்கு?" என்றாள். பூர்ணிமா உடனே கைதட்டினாள். அவளுக்கு எதற்கும் கைதட்ட வேண்டும்.

"படகு டிக்கெட் எடுத்தாச்சு" என்றேன்.

"ரெண்டு நாள் கழிச்சுப் போலாம் வசு. நீயும் வா. வர்றியா?" என்றாள் ஸ்டெல்லா.

நான் என்ன சொல்வேன்? அவள் முதலில் கேட்டிருக்க வேண்டியது படகைப் பற்றி. இந்தப் படகுக்காக நான் எத்தனை நாள் உட்கார்ந்து திட்டம் போட்டேன் என்று அவளுக்குத் தெரியாதா? நான் சொல்லவில்லை, அது சரி. சொன்னால்தான் தெரியுமா? "நீங்க போங்க. நான் எதுக்கு நடுவுல? நான் படகுலயே போயிக்கறேன்" என்றேன்.

கவனி இலக்கியா. நான் இதைச் சொன்ன தொனி இருக்கிறதே, என் வீட்டில் இந்தத் தொனியில் சொன்னால் என் வீட்டுக்காரர் செருப்பைப் போட்டுக்கொண்டவர் கழற்றிவிடுவார். மாமியார் கல்யாணத்துக்குக் கிளம்பியவர் போகாமல் உட்கார்ந்துவிடுவார். ஸ்டெல்லா என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "நிஜமாவா?" என்றாள். "நிஜமாத்தான்" என்றேன். "சரி வசு" என்றாள்.

சரி வசு!

மறுநாள் காலை ஜீப் வந்தது, ஏறினார்கள், போனார்கள். ஸ்டெல்லா கையசைத்தாள். கயிற்றில் தொங்கப் போகிறோம் என்று முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பத்து நாளாக என்னோடு வருகிறாள், அந்த வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை. மலைக் காற்று அவளுக்கு ஒத்துக்கொள்கிறது போலிருக்கிறது.

நான் படகுத்துறையில் கடைசி ஆள் ஏறும்வரை ஏறவில்லை. ஜீப் திரும்பி வந்தாலும் வரும் என்பதற்காக இல்லை. முதலில் ஏறினால் வெயில்.

தூங்குகிறாயா? தூங்கு, தூங்கு. இந்தக் காலத்துப் பெண்களுக்கு உடம்பில் தெம்பே இல்லை.

எழுந்துவிட்டாயா? நல்ல தூக்கம், நான் இரண்டு தடவை தொட்டுப் பார்த்தேன். இதோ இந்த முன் சீட்டு அம்மா, லாவோஸ்காரி, உனக்கு வாழைப்பழம் வைத்திருக்கிறாள். எனக்கும் கொடுத்தாள். நான் வேண்டாம் என்றேன். அவள் வைத்துக்கொண்டாள். நீ பாதி கொடு.

மலை கொஞ்சம் தாழ்ந்துவிட்டது பார். கரையில் வீடெல்லாம் தெரிகிறது. டவர் வந்துவிட்டதா? ஃபோனை வெளியே வை. பையில் வைத்தால் சிக்னல் எப்படி வரும்? இந்நேரம் அவர்கள் காட்டிலிருந்து இறங்கியிருப்பார்கள். மெசேஜைப் பார்த்திருப்பாள். "நீங்கள் சந்தோஷமாக இருங்கள்" என்பதைப் படித்தால் அவளுக்குச் சுருக்கென்றிருக்கும். அடித்துப் பிடித்துக்கொண்டு ராத்திரி பஸ்ஸில் ஏறி லுவாங் பிரபாங் வந்து நிற்பாள் பாரேன். அப்புறம் மூன்று நாள் இருக்கிறது. அதற்கப்புறம்தான் கனடா.

அடிக்கிறது! உன் ஃபோன்தான். ஸ்டெல்லா நம்பர். எடுக்காதே! கொஞ்சம் அடிக்கட்டும், நாம் இதற்காகவே காத்துக்கொண்டிருந்த மாதிரி ஆகிவிடும். இரு. இரு. சரி, எடு எடு, நின்றுவிடப் போகிறது. கொடு இப்படி.

"ஹலோ? யாரு? ஓ, ஸ்டெல்லாவா... நல்லா இருக்கேன். எனக்கென்ன. படகு பிரமாதம். பேச்சுத்துணைக்குக் கரூர்ப் பொண்ணு ஒண்ணு இருக்கு, வாய் ஓயாம பேசிக்கிட்டே வருது... பறந்தியா? சரி. சந்தோஷம்... ம்... ம்... அங்கேருந்தே ஆத்தைத் தாண்டினா தாய்லாந்தா. பூர்ணிமா சொல்றாளா. ஆமா, அதுதான் சுலபம்... நீ இங்க வர்றதா? எனக்காகவா? சே சே, ராத்திரி பூரா மலைப்பாதையில, முழங்காலை வச்சுக்கிட்டு... வேண்டாம் ஸ்டெல்லா. நீ நேரா பாங்காக் போ. மகள் காத்துக்கிட்டிருப்பா... ஆமாடி, நிஜமாத்தான்... சரி... சரி. உடம்பைப் பாத்துக்கோ."

வைத்துவிட்டாள்.

"நான் அங்க வரட்டுமா, இல்ல இங்கேருந்தே கிளம்பட்டுமா" என்று கேட்டாள். என்ன கேள்வி பார். வரட்டுமா என்று யாராவது கேட்பார்களா? வந்து நிற்பார்கள். சரி, திரும்பக் கூப்பிடுவாள். ஃபோனைக் கீழே வைக்காதே. எனக்குத் தெரியாதா அவளை, நான் கோபமாக இருக்கிறேனா என்று தெரிந்துகொள்ளாமல் அவளுக்குச் சோறு இறங்காது. பள்ளிக்கூடத்தில் நான் பேசாவிட்டால் சாயந்திரம் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், மழையானாலும்.

டவர் இருக்கிறதா? நன்றாகப் பார். இருக்கிறதா.

சத்தம் கூட்டி வைத்திருக்கிறாயா?

என்ன அப்படிப் பார்க்கிறாய் என்னை? நான் ஒன்றும் தவறாகச் சொல்லவில்லையே. அவள் நல்லதுக்குத்தானே சொன்னேன்? என்னது? போகச் சொன்னால் போகத்தானே செய்வார்கள் என்கிறாயா? உன்னை யார் கேட்டார்கள்? தட்டை தின்னும்வரைக்கும் வாய் பேசாமல் இருந்தாய்.

கொடு அந்த ஃபோனை. நான் அவளை வரச் சொல்வதற்கு இல்லை. திட்டுவதற்கு. இந்த ஒரு விஷயத்தைக் கேட்காமல் நான் அவளைக் கனடாவுக்கு அனுப்ப முடியாது.

"ஸ்டெல்லா? இதோ பாரு, உன்னை வரச்சொல்லி நான் கூப்பிடல, அதை முதல்லயே சொல்லிடறேன். ஒரு மரியாதைக்குக் கேக்கறேன், நான் வேண்டாம்னு சொன்னா நீ உடனே சரின்னு வச்சிடுவியா?... என்னது?... என்னடி பேச்சு இது? நான் எப்போ உன்னைக் கெஞ்ச வச்சேன்?... அது பத்தாம் கிளாஸ்ல... சரி, அது என் கல்யாணத்துக்கு முந்தின நாள், அன்னைக்கு எல்லாருக்கும்தான் கோபம் வரும்... உங்க வீட்டுக்காரர் தவறினப்பவா? நான்தான் வந்தேனே! ... நீ கூப்பிட்டதுக்கப்புறம்தான் வந்தேன். ஆமா. கூப்பிடாம எப்படி வர்றது?... ஸ்டெல்லா? அழறியா? சிரிக்கறியா? எனக்குக் கேக்கல, மோட்டார் சத்தம்... என்னது? ஒரு வார்த்தையா? ... பஸ் எப்போ? இப்பவே டிக்கெட் எடுக்கணுமா? ... இரு. லைன்லயே இரு. வச்சிடாதே."

இலக்கியா. இந்தத் திமிரைக் கேட்டாயா? பஸ் கௌண்டர் முன்னால்தான் நிற்கிறாளாம். நான் "வா" என்று ஒரு வார்த்தை சொன்னால்தான் டிக்கெட் எடுப்பாளாம். இல்லாவிட்டால் அப்படியே ஆற்றைத் தாண்டிவிடுவாளாம். வாழ்நாள் முழுக்க இவளே தாங்கினாளாம், இந்த ஒரு தடவை நான் தாங்க வேண்டுமாம். ஒரு நாள் கயிற்றில் தொங்கினால் இப்படியா ஆகிவிடும் மனுஷிக்கு?

எனக்கு இந்த ஆற்றுக் காற்றில் தொண்டை கட்டிக்கொண்டிருக்கிறது. குரலே எழும்பவில்லை, பார். இந்தா, நீ பேசு. பிடி அம்மா, கௌண்டரை மூடிவிடப் போகிறான். "ஆன்ட்டி உங்களை வரச் சொல்றாங்க" என்று சொல். ஒரு தடவை சொல்லிவிட்டு நிறுத்திவிடாதே. அவள் என்ன சொன்னாலும் விடாதே, வா வா என்று சொல்லிக்கொண்டே இரு, டிக்கெட்டைக் கையில் வாங்கிவிட்டேன் என்று சொல்லும்வரை சொல்.

நான் சொல்லச் சொன்னேன் என்று மட்டும் சொல்லிவிடாதே.